காப்பு

நூல் தொடங்குமுன் பாடுவது காப்பு.
தார்த்து நகர மருத்துவமனையின் நிலவறையில்
ஐலி அதை நாள் முடிந்தபின் ஓட்டுகிறாள்.
இரவு இரண்டேகால்.
நாடா அடுக்கின் ஒற்றை இரும்புக்கை
இருட்டிலேயே தடவி
நாற்பத்தோராம் கூட்டிலிருந்து ஒன்றை உருவும்.
அன்றைய ரத்தப் பரிசோதனைகள்,
பிறந்தவர்களின் எடை,
பெயர் சொல்ல மறுத்த ஒருவரின் எக்ஸ்ரே
எல்லாம் புரியாத எழுத்தாகி
நாடாவில் படியும்.
காலையில் ஒரு பச்சைப் புள்ளி.
பதினோரு வருடம் அந்தப் புள்ளிக்குத்தான்
சம்பளம் வாங்கியிருக்கிறாள்.

ஜனவரி. எமயோகி ஆறு உறைந்து
வண்டிச்சத்தம்கூடப் பஞ்சாய்க் கேட்ட செவ்வாய்க்கிழமை
அறிவிப்பு வந்தது.
எட்டே வரி.
காப்பு மென்பொருளின் வயிற்றில் ஒரு குறியாக்க நூலகம்.
யாரும் விலை கொடுத்து வாங்காதது,
யாரும் படிக்காததும்.
நூலகம் என்றால் அப்படித்தானே என்றான் தார்மோ.
ஐலி சிரிக்கவில்லை.
அதற்குள்ளே, பகடை உருட்ட வேண்டிய ஓரிடத்தில்,
தூங்கி எழும்போதெல்லாம்
அதே எண்ணையே வீசியிருக்கிறது.
ஞாயிறுதோறும் இயந்திரத்தை அணைத்து எழுப்புவார்கள்.
ஞாயிறுதோறும் அதே முக்காடு,
அதே மடிப்பில்.
ஒரே முக்காட்டின் கீழே இரண்டு முகம்:
ஒன்றின்மேல் ஒன்று வைத்து
வெளிச்சத்தில் பிடித்தால்
துணி மறைந்துபோகும்,
முகங்களின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.
சாவி வேண்டாம்.
பொறுமை போதும்.

சோதித்தோமே, என்றான் தார்மோ.
சோதித்தார்கள். மூன்று மாதத்துக்கொருமுறை
கேட்டதெல்லாம் திரும்பி வந்தது,
ஒரு காற்புள்ளி குறையாமல்.
சரியான சாவிக்குத் திறக்கும் பூட்டு
சரியான சாவிக்குத் திறக்கிறது, அவ்வளவுதான்.
வேறு எதற்கெல்லாம் திறப்பாய் என்று
பூட்டைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஐலிக்குத் தோன்றியிருக்கலாம்.
நான்கு வருடத்துக்கு முன், வேறேதோ பழுதுக்காக,
இரண்டு ஞாயிறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள்.
முதல் மூன்று வரி இரண்டிலும் ஒன்றேதான்.
ஏழு டி, பூஜ்யம் நான்கு, பி ஒன்பது.
இன்னும் நினைவிருக்கிறது.
ஏதோ தலைப்பு போல என்று நினைத்தாள்.
அன்று மகனுக்குப் பல்வலி.
மூடிவிட்டுக் கிளம்பினாள்.

நூலகத்தை எழுதியவர் ருசே நகரத்தில் ஒற்றை ஆள்,
பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
"மன்னிக்கவும். திருத்தம் இணைப்பில்."
திருத்தம் பதினேழு எழுத்து.
அது இனி வரும் இரவுகளுக்கு.
போன இரவுகள் அறுநூற்றுச் சொச்சம் நாடாவில்
அதே முக்காட்டோடு நிற்கின்றன.
அவற்றின் பிரதி ஒன்று
வாரந்தோறும் கடலடிக் கம்பியில் போனது.
வழியில் எவராவது எடுத்து வைத்திருந்தால்
அந்த வீட்டுக்குத்
திருத்தம் போகாது.

நான்காம் தளத்தில் லீதியா
எழ முடியாதவர்களுக்கு விரிப்பு மாற்றுவதை
ஐலி பார்த்திருக்கிறாள்.
ஒருபக்கம் சரித்து, பழையதை முதுகுவரை சுருட்டி,
அதை ஒட்டியே புதியதைச் செருகி,
மறுபக்கம் சரித்து,
ஒரு கணம்கூட வெறும் மெத்தை படாமல்.
இங்கே அந்த வித்தை நடக்காது.
பழையதை முழுக்க உரித்த பிறகே புதியது.
நடுவில், நினைவகத்தில்,
எல்லோரும் வெறும் உடம்பாய்க் கிடப்பார்கள்:
காசம், கலைத்த கரு,
மனைவிக்குச் சொல்லாத மாத்திரை.

வலைக்கம்பியைப் பிடுங்கினாள்.
கதவை உள்ளே தாழிட்டாள்.
திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்,
அறையில் வேறு யாருமில்லை, இருந்தாலும்.
முதல் நாடா முடிய மூன்று மணிநேரம்.
புதியதன் தொடக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்தாள்.
ஏழு டி இல்லை.

பழைய அச்சுத்தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்:
தார்மோ, நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள்
அதற்குள் இரும்புக்கை
இரண்டாம் நாடாவைக் கொண்டுவந்து
நீட்டிக்கொண்டு நின்றது.